பன்னிரண்டு படங்களில் ஓர் இலை

ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, ஒரு கலியாண வீட்டையும் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்திய வீட்டையும் தவிர்த்துவிட்டுப் பூச்சி பார்க்கப் போனேன். காரணம் என் மகள். நாட்டின் மறுகரையில், வன்கூவரில் பூச்சியியல் படிக்கிறாள். அவள் போனபிறகு வீட்டில் சத்தம் போடுவது குளிர்சாதனப் பெட்டி மட்டும். என் காலை வணக்கத்துக்குக் கட்டைவிரல் படம் வரும். குரல் கேட்டு மூன்று வாரம். இலை போலவே இருக்கும் வெட்டுக்கிளியை நானே கண்டுபிடித்துப் படம் அனுப்பினால் பேசுவாள் என்று நினைத்தேன்.

விலங்குக் காட்சிச்சாலை வரை ஷெப்பர்ட் பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிடம், மூன்று டொலர் முப்பது சதம். காட்சிச்சாலைக்குள் போகவேண்டாம், பக்கத்து ரூஜ் பூங்காவில் நடக்கக் காசு கட்டத் தேவையில்லை. எழுநூறு மீற்றர் நடந்தால், இடுப்பளவு மஞ்சள் பூச்செடிகள் நிற்கும் வெளி. பூச்சிகள் வெருளக்கூடாதென்று பச்சைச் சேட்டுப் போட்டிருந்தேன். அவை வெருளவில்லை. வரவேயில்லை.

புதருக்குள் தலையை விட்டபடி ஒன்றரை மணித்தியாலம் போனது. சேலையும் ஓட்டச் சப்பாத்துமாக நடந்துவந்த ஓர் அன்ரி நின்றார்.

"தம்பி, உது என்ன இலை? வறை வறுக்கலாமோ?"

"இலையில்லை அன்ரி, பூச்சி தேடுறன்."

"தனியவோ?"

ஓம் என்றேன். நம்பாமல் புதருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு பெண்மணி ஒளிந்திருக்கவில்லை என்று கண்டதும் ஏமாந்துபோனார். அந்த ஏமாற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

மூன்றே முக்காலுக்குக் கண்டேன். நரம்பு, கூர்நுனி, ஓரத்தில் கடிபட்ட தழும்பு. அச்சு அசல் இலை. பன்னிரண்டு படங்கள் அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது.

"அப்பா, அது லிட்டரலி இலை."

மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள். கூட இருக்கும் பெட்டை பாத்திரம் கழுவுவதில்லை என்று கோள் சொன்னாள். என் பிள்ளைதான், சந்தேகமில்லை. இருபத்தாறு நிமிடம்.

போனை வைத்துவிட்டுப் பையைத் தூக்கினால், அதன் பட்டியில் ஓர் இலை மீசையை ஆட்டியது. ஒரே ஒரு படம், துல்லியமாக விழுந்தது.

போகிறவர்களுக்கு: உண்ணி இருக்கும், நீளக் காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விடுங்கள். இலையைப் பார்க்காமல் மீசையைத் தேடுங்கள். அது உடம்பைவிட நீளம்.

அந்தப் படம் இன்னும் என் போனில்தான் இருக்கிறது. மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். சரியான பூச்சிக்குக் கட்டைவிரல்தான் வரும். பஸ் தரிப்பிடம் வரும் வழியில் இன்னும் நான்கு இலைகளைப் படமெடுத்துக்கொண்டேன், ஞாயிற்றுக்கு ஒன்றாக அனுப்ப.