கிழக்கு வாசல் கொட்டில்

ஹில்ஸ்பரோ வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நெடுநாள் திறக்காத சமையலறை ஜன்னலைத் திறந்து துடைத்தேன். சட்டத்தின் இடுக்கில் கொஞ்சம் பழுப்பு உரோமம் கையில் பட்டது. பஞ்சைவிட மென்மை. உடனே பழைய ஈரத்தோல் வாடை மூக்கில் ஏறியது.

நான் சிறுமியாக இருந்தபோது, அப்பா லீவு நாட்களில் காட்டில் பொறி வைத்து, மரங்களைத் தின்று தீர்க்கும் பொஸம் என்ற பூனையளவு உரோம விலங்குகளைப் பிடிப்பார். தோல்களைப் பதப்படுத்த, மேற்கு வேலியோரம் ஒரு கொட்டில் போட நினைத்தார். தோலை இழுத்து அறையப் பலகை, தொங்கவிடக் கம்பி, கழுவ வெளியே ஒரு பைப். எல்லாவற்றையும் பிஸ்கட் பெட்டி அட்டையில் படமாகக் கீறினார். மச்சம் மாமிசம் தொடாத அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"என்ன கண்டறியாத வேலையும் செய்யுங்கோ. வாசல் மட்டும் கிழக்கைப் பார்க்கோணும்."

கொட்டிலுக்குக் கிழக்கே எங்கள் சமையலறை. அப்பா மறுபேச்சின்றிக் கட்டினார். மேற்கே மனுகாவ் குடாவிலிருந்து வரும் கடற்காற்று கொட்டிலின் மேற்கு ஜன்னலால் புகுந்து, கிழக்கு வாசலால் வெளியேறி, உரோமத்தை நேரே அம்மாவின் பருப்புச் சட்டியில் கொண்டுவந்து சேர்த்தது.

"இதென்னப்பா இது?" என்று அம்மா சட்டியைக் காட்டினார்.

"நீர் கேட்ட வாசல்தானே," என்றார் அப்பா.

வாசலை மாற்ற அம்மா விடவில்லை. சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, மிளகாய்ப் புகைக்குள் இருமி இருமிச் சமைத்தார்.

இப்போது அப்பாவும் இல்லை, கொட்டிலும் இல்லை. உரோமத்தைக் குப்பையில் போடப் போனேன்.

"அதை அங்கையே வை," என்றார் அம்மா. "ஜன்னலைச் சாத்து பிள்ளை. காத்துக்குப் பறந்திடும்."