ஓடுகிறவரைத் தெளிவாக எடுப்பது: கலஹா மலையில் ஒரு ஞாயிறு

குடையும் மழைக்கோட்டும் மொத்தமாக விற்பது என் தொழில். கொழும்பு நடைபாதையில் சாக்கு விரித்துத் தொடங்கியவனுக்கு இன்றைக்குச் சொந்தக் கடை. படம் எடுக்கிற பைத்தியம் நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான் பிடித்தது. இந்த வருடத் தொடக்கத்தில், ஏற்கெனவே ஒருவர் பாவித்த ஜூம் லென்ஸ் ஒன்றை எண்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன், 70 முதல் 300 மில்லிமீட்டர் வரை இழுக்கிறது. கோயில் கோபுரத்தை எடுத்தால் கல்லில் உள்ள பாசி வரை தெரியும். ஒரு நாய் ஓடினால், நாய் இருந்த இடத்தில் புகை மட்டும் இருக்கும்.

இதை ஒரு கை பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, கலஹா டவுனில் கடை வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் போனில் சொன்னார்: "வருசப் பொறப்புக்கு அடுத்த ஞாயித்துக்கெழம எங்க பக்கத்துத் தேயிலத் தோட்டத்துல வெளையாட்டுப் போட்டிங்க. வந்தீங்கன்னா ஓடாத ஆளே இருக்காது." கண்டியில் எனக்கு வேறு வேலையும் இருந்தது. சனிக்கிழமையே ரயில் ஏறிவிட்டேன், கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து மூன்று மணி நேரம்.

சனி மாலை கண்டியில் பேராதனை வீதியில் நின்று தனியார் பஸ்களைப் படம் எடுத்துப் பழகினேன். நாற்பது படமும் தெளிவாக விழுந்தன. கை தேறிவிட்டது என்ற சந்தோஷத்தோடு அறைக்கு வந்து பார்த்த பிறகுதான் உறைத்தது: அந்த நேர நெரிசலில் பஸ் எதுவும் ஓடவே இல்லை.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு ஓட்டோவில் புறப்பட்டேன். ஓட்டியவர் ஃபாரூக் நானா, அலவத்துகொடைக்காரர், கண்டி சந்தைப் பக்கம் நிற்பவர். போக, வர, அங்கே காத்திருக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு என்று பேசினோம். அவருடைய கண் முழுக்க என் லென்ஸில்தான்.

"மொதலாளி, இந்த நீட்டுக் கொழாயால யாரச் சுடப் போற?"

"ஓட்டப் பந்தயம் எடுக்கப் போறேன் நானா."

"அதுக்கு இவ்வளவு பெரிசா? எங்கட மகன் போன்லயே எடுப்பானே."

"அதுல மங்கலா வரும்."

"இதுல?"

"இதுலயும் மங்கலாத்தான் வருது. அதப் பழகத்தான் போறேன்."

அவர் சிரித்த சிரிப்பில் ஓட்டோ ஒருதரம் பாதையை விட்டு இறங்கி ஏறியது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஊடறுத்து, ஹிந்தகலை தாண்டிப் போகிற பாதை. கண்டியிலிருந்து கலஹாவுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். வளைவுகள் அதிகம், ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. அங்கிருந்து தெல்தோட்டைப் பக்கம் நான்கு கிலோமீட்டரில் தோட்டம். கடைசி ஒரு கிலோமீட்டர் வெறும் கல். கேமராவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பையோடு சீட்டில் விட்டால் லென்ஸ் திருகாணி கழன்றுவிடும்.

மைதானம் கோயிலுக்குப் பக்கத்தில். அந்த மலையில் சமதரை என்று இருப்பது அது ஒன்றுதான். நூறு மீட்டர் ஓட்டம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் அடி வைத்து அளந்தேன், எண்பதுக்கு மேல் இல்லை. அதற்கு அப்பால் தேயிலைச் செடி. கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைத்தல், தலையணைச் சண்டை, கயிறிழுத்தல் என்று காலையிலேயே களைகட்டிவிட்டது. அறிவிப்புச் செய்த ஆசிரியர் யாரையும் விடவில்லை: "கயிற விட்டுட்டு வெத்தல எடுக்கிற அண்ணன், தயவுசெய்து கயிறையும் எடுங்க!"

எல்லோரும் காத்திருந்தது திருமணமான பெண்களின் ஓட்டத்துக்கு. காரணம் மேசையில் இருந்தது, இரண்டடி உயரக் கிண்ணம். மூன்று வருடம் தொடர்ந்து வெல்கிறவருக்கு அது சொந்தம், அதுவரை வருடா வருடம் திருப்பித் தர வேண்டும். தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிஷனைச் சேர்ந்த சாந்தி இரண்டு வருடம் தொடர்ந்து வென்றிருந்தார். கொழுந்து பறிக்கிறவர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். இன்றைக்கு வென்றால் கிண்ணம் வீட்டோடு.

பத்தரை மணிக்கு முதல் சுற்று. நான் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், ரிப்பன் பிடித்தவருக்குப் பின்னால் நின்றேன். சாந்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்த வேகம் இருக்கிறதே! பன்னிரண்டு படம் தட்டினேன். ஓடி முடித்த மூச்சோடு நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, படத்துல நான் விழுந்திருக்கனா? வருசா வருசம் போன்ல எடுக்கிறாங்க, ஒன்னுலயும் மூஞ்சி இல்ல. எங்க வீட்டுக்காரருக்குக் கட்டார்ல வேல. 'நீ ஓடுறியா, பேயி ஓடுதா'ன்னு கேலி பண்றாரு."

காட்டினேன். பன்னிரண்டிலும் பேய்தான் ஓடியது.

இங்கே நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். குடைக் கம்பி உடைந்தது என்று கடைக்கு யாராவது வந்தால் என் வாயில் முதலில் வருவது "காத்துப் பலமா அடிச்சிருக்கும்." முப்பது வருடப் பழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது:

"நீங்க வர்ற வேகத்துக்கு எந்தக் கேமராவும் புடிக்காதுங்க. கொஞ்சம் மெதுவா வந்திருந்தா நல்லா விழுந்திருக்கும்."

"அப்படியா?" என்றார். தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மதியம் கோயில் மதிலில் உட்கார்ந்து, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி படங்களின் விவரத்தைப் பார்த்தேன். ஷட்டர் நொடியில் நூற்று அறுபதில் ஒரு பங்கு. மலையில் மூட்டம் கவிந்து வெளிச்சம் குறைந்திருக்கிறது, தானியங்கியில் விட்ட கேமரா தன் இஷ்டத்துக்கு வேகத்தைக் குறைத்துவிட்டது. அதுவும் 300 வரை இழுத்து வைத்திருந்தேன். அந்த நீளத்தில் என் கை நடுக்கமே படத்தைக் கெடுக்கும், இதில் ஓடுகிற ஆள் வேறு. ஃபோகஸும் ஒரு தடவை பிடித்து அப்படியே நிற்கிற முறையில் கிடந்தது. அவர் ஐந்து மீட்டர் தாண்டி வந்த பிறகும் அது பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆக, குற்றம் முழுக்க என்னுடையது.

எல்லாவற்றையும் திருத்தினேன். ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குறைகிற வெளிச்சத்துக்கு ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ. 1600. ஃபோகஸ் ஆளைப் பின்தொடர்கிற முறை. ஜூமை 200க்கு இறக்கினேன், ஆளைச் சுற்றி இடம் இருந்தால் கை, கால் வெட்டுப்படாது. பக்கவாட்டில் நிற்காமல், அவர்கள் என்னை நோக்கிச் சாய்வாக வருகிற மாதிரி கோட்டுக்கு அப்பால் போய் நின்றேன். குறுக்கே போகிறவரை விட எதிரே வருகிறவரைப் பிடிப்பது சுலபம்.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. சாந்தியிடம் போய் "தப்பு என்னுடையது, நீங்க ஓடுங்க" என்று சொல்லவில்லை. முப்பதடி தூரத்தில்தான் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தார். வாங்கிப் போன வாடிக்கையாளரைத் துரத்திப் போய் "சரக்கு மோசம்" என்று எந்தக் கடைக்காரன் சொல்லியிருக்கிறான்?

இரண்டு மணிக்கு இறுதி ஓட்டம். ஆறு பேர். சாந்திக்குச் சரியான போட்டி கீழ் டிவிஷன் பரமேஸ்வரி, போன வருடம் இரண்டாவதாக வந்தவர். விசில் ஊதியதும் சாந்தி பிய்த்துக்கொண்டு வந்தார். பாதி தூரத்தில் நான்கு எட்டு முன்னால். லென்ஸ் வழியாக அவர் முகம் கண்ணாடி மாதிரித் தெரிகிறது, என் விரல் பட்டனை விடவில்லை. கடைசிப் பத்து மீட்டரில் அவர் கண் என் கேமராவைத் தேடியது. தலை நிமிர்ந்தது. கால் தளர்ந்தது. செருகிய சேலையை ஒரு கையால் இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தார்.

பரமேஸ்வரி பக்கத்தால் வந்து ரிப்பனை அறுத்துக்கொண்டு போனார்.

கீழ் டிவிஷன் பக்கம் வெடி வெடித்தது. சாந்தி என்னிடம் வந்தார். "இப்ப விழுந்துச்சா அண்ணே?"

காட்டினேன். கண் இமை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஒரு கணம் பூரித்துப்போனார். பிறகுதான் படத்தின் ஓரத்தில் பரமேஸ்வரியின் நெஞ்சில் ரிப்பன் இருப்பதைப் பார்த்தார்.

"நாலு எட்டு முன்னால இருந்தேன். ஒரு எட்டு கொறச்சாத் தாங்கும்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். காலையில் மங்கியது என் கேமராவை நான் வைத்த விதத்தால், மதியமே எனக்குத் தெரியும், வந்து சொல்லவில்லை.

"அப்ப நான் ஓடியிருக்கலாம்?"

"ஓடியிருக்கலாம்."

அவர் கத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தைச் சொன்னேன்: "இதே மாதிரிக் கிண்ணம் ஒன்னு கண்டியில வாங்கி அனுப்புறேங்க."

"கடையில வாங்குறதுக்கா ஓடுனேன்?"

அறிவிப்புச் செய்த ஆசிரியரிடம் போய், என்னால் வந்த வினை, திரும்ப ஓட விடுங்கள் என்று கேட்டேன். "ரிசல்ட் ரிசல்ட்தான் சார். கேமராவப் பாத்துச் சிரிச்சா இன்னொரு தடவ ஓடலாம்னு சட்டம் போட்டா, அடுத்த வருசம் அத்தன பேரும் சிரிச்சிக்கிட்டுத்தான் வருவாங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்.

கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பரமேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சாந்தியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"அடியே சாந்தி! கிண்ணத்தத் தரமாட்டேன், அது என்னோடது. படம் வேணும்னா வா, இன்னொருக்கா ஓடுவோம். படத்துல நீ முன்னால போ."

"நீ விட்டுக்குடுத்து நான் முன்னால போகணுமா?"

"விட்டுக்குடுக்கிற மூஞ்சியா இது? வாடி, பாப்போம்!"

கிண்ணத்தை, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற ஃபாரூக் நானாவின் கையில் திணித்துவிட்டு அவர் கோட்டுக்குப் போனார். அட்டவணையில் இல்லாத ஓட்டம். ஆசிரியர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, தானே விசிலை எடுத்தார். இரண்டு பேர் மட்டும். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது.

சாந்தி இந்தத் தடவை என்னைப் பார்க்கவே இல்லை. நான்கு எட்டு அல்ல, ஆறு எட்டு. கோட்டைத் தாண்டியும் நிற்காமல் தேயிலைக்குள் போய் விழுந்தார். பின்னாலேயே பரமேஸ்வரியும் போய் அவர் மேல் விழுந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு எழுந்து வந்தார்கள்.

நான் பத்தொன்பது படம் எடுத்தேன், தேறியது நான்கு. இந்தப் பதிவின் தலையில் இருப்பது அதில் ஒன்று: இரண்டு காலும் தரையில் இல்லை, பல்லைக் கடித்திருக்கிறார், கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சாந்தி சொன்னார்: "அழகாவே இல்ல. இதையே அவருக்கு அனுப்புங்க." அங்கேயே வாட்ஸ்அப்பில் கட்டாருக்குப் போய்விட்டது. கிண்ணம் கீழ் டிவிஷனுக்குப் போனது. சாந்திக்கு இனி ஒன்றிலிருந்து கணக்கு. மூன்று வருடம் வெல்ல வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: கண்டியிலிருந்து தெல்தோட்டை பஸ் கலஹா வழியாகப் போகும், அதில் போனால் ஓட்டோக் காசில் பெரும்பகுதி மிச்சம், ஆனால் கடைசிக் கல்ரோட்டை நடக்க வேண்டும். சித்திரையில் பகல் பன்னிரண்டுக்குப் பிறகு மழை எப்போதும் வரலாம், லென்ஸுக்கு ஒரு பொலித்தீன் உறை கட்டாயம். வெளிச்சம் குறையக் குறைய ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள், ஷட்டரை இறக்காதீர்கள். படத்தில் கொஞ்சம் மணல் தூவினாற்போல் இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், முகம் இல்லாவிட்டால் சொல்வார்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். ஜூமைக் கடைசி வரை இழுக்காதீர்கள். ஓடுகிறவரிடம் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லாதீர்கள்.

சிரிக்கிற படத்தை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். அன்றைக்கு எடுத்ததிலேயே தெளிவானது அதுதான், வெளிச்சமும் அதில்தான் நன்றாக விழுந்திருந்தது. ஓட்டோ புறப்படும் நேரத்தில் சாந்தி ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அந்த நின்ன படம் இருக்குல்ல, அது யார் கண்ணுலயும் படக்கூடாது." கேமராவை அவர் கையிலேயே கொடுத்து, அழிக்கிற பட்டன் எது என்று காட்டினேன். அவரே அழுத்தினார்.