பச்சைப் பூச்சு

கஃபர்லூன் என்ற மலையூரில் ரொட்டி சுடும் ஸமீஹ் ஷல்ஹூபுக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. மூக்கை நோண்டிய விரலாலேயே ரொட்டியை அழுத்திப் பார்க்கிறவன், ஓடுகிற காரிலிருந்து குப்பையை வீசுகிறவன், தேர்தல் வந்தால் மட்டும் கன்னத்தில் முத்தமிட வரும் பெரிய மனிதர் எல்லோருக்கும் அவரிடம் ஒரே மரியாதைதான்: "தூ!" எச்சில் வராது, சத்தம் மட்டும் வரும். அறுபத்தோரு வயதுக்குள் அந்தச் சத்தத்தை வாங்கிக்கொள்ளாத ஆள் ஊரில் மிச்சமில்லை. அவர் சுடும் மனாகீஷ், அதாவது மூலிகைப்பொடி தடவிய ரொட்டி, மட்டும் நன்றாக இருக்கும், அதனால் பொறுத்துக்கொண்டார்கள்.

அவர் முகம் சுளிக்காத ஒரே உயிர் லோஸா. பாதாம் தோலின் நிறம், அதனால் பாதாமின் பெயரையே வைத்திருந்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் நடுங்குகிறது, இது எதற்கு உதவும் என்று எவனோ ஒரு வேட்டைக்காரன் பூங்கா வாசலில் இறக்கிவிட்டுப் போன பெண் நாய். ஆறு வருஷமாக, காலை வியாபாரம் முடிந்து அடுப்பு அணைந்ததும் இரண்டு பேரும் மலைக்குப் போவார்கள்.

"அபூ நஜீப், நாயைத் தொட்ட கையாலயா மாவு பிசையறீங்க?" என்று கடைக்கு வருகிறவர்கள், மகன் பெயரை வைத்து "நஜீபின் அப்பா" என்று மரியாதையாகக் கூப்பிட்டே, அவரைச் சீண்டுவார்கள்.

"நாயைத் தொட்டா கை கழுவிட்டுப் பிசைவேன். உனக்குக் கை கொடுத்தா குளிச்சிட்டுத்தான் பிசையணும்."

மலை என்றால் ஊருக்கு மேலே இருக்கிற பைன் காடு. அதைப் பூங்கா என்று அறிவித்தபோது பெய்ரூட்டிலிருந்து ஒரு மலையேறும் சங்கத்துப் பிள்ளைகள் வந்து, மரங்களிலும் பாறைகளிலும் சிவப்புப் பட்டை போட்டு, நாற்பது இடங்களில் எண் எழுதிய சிவப்புத் தகரப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். வழி தவறினவன் பலகையின் எண்ணைச் சொன்னால் போதும், எந்தப் பக்கமிருந்து ஏறி வர வேண்டும் என்று ஊரில் யாருக்கும் தெரியும். நல்ல ஏற்பாடு. நல்லது நம் ஊரில் எத்தனை நாள் தாங்கும்?

போன வருஷம் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. நாஸீஃப் குடும்பம் தங்கள் வேட்பாளர் பட்டியலைச் சிவப்புத் தாளில் அச்சடித்தது. ஸமீஹின் ஷல்ஹூப் குடும்பம் பச்சை. அவ்வளவுதான், பச்சைக்காரர்கள் கண்ணுக்கு மலை முழுக்க எதிராளியின் கொடியாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு சனிக்கிழமை ஷல்ஹூப் வீட்டு ஆட்கள் மூன்று பிக்கப் வண்டிகளில் ஏறிப்போய்ப் பட்டைகளையும் பலகைகளையும் பச்சையால் மூடினார்கள். மறுவாரம் நாஸீஃப் வீட்டார் போய், பழைய இடம் எது என்று யாருக்கும் நினைவில்லாததால், கை போன பக்கமெல்லாம் சிவப்பு அம்புக்குறி போட்டார்கள். அம்புக்குறியை நம்பி நடந்த ஒரு பெய்ரூட் குடும்பம் கோழிப்பண்ணைக்குள் போய் நின்றது. ஸமீஹ் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். "மரத்துக்கு ஏதுடா ஓட்டு?" என்பார். அந்தச் சனிக்கிழமை தான் எங்கே இருந்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

அன்று திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாக் கும்பல் போன மறுநாள் பூங்காவைப் பார்க்கக் கூடாது. ஊற்றடியில் கரி, பாதி கடித்த தர்பூசணி, அரக் சாராயப் பாட்டில், குழந்தையின் மலத்தோடு மடித்து வைத்த நாப்கின், அதன் மேல் ஈ. பக்கத்திலேயே காலி குப்பைத்தொட்டி, கன்னி கழியாமல் நின்றது. ஸமீஹ் ஒரு "தூ!" போட்டார். வழக்கமாக ஊற்றோடு திரும்பிவிடுகிறவர், இந்த நாற்றத்தில் உட்கார முடியாது என்று லோஸாவைக் கூட்டிக்கொண்டு மேலே நடந்தார்.

ஒரு மணி நேரத்தில் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறிவிட்டது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. லோஸா ஒரு புதருக்குள் தலையை விட்டு எதையோ கடித்துக்கொண்டிருந்தாள். "விடு! அசிங்கம், விடு!" என்று அவர் ஓடுவதற்குள் விழுங்கிவிட்டாள். கீழே கோழி வாட்டிய மரக்குச்சிகள், கொழுப்பு ஒட்டியபடி, ஒரு பிளாஸ்டிக் பை நிறைய.

அடுத்த நிமிஷம் லோஸா இருமினாள். முன்காலால் வாயைப் பிறாண்டினாள். எச்சிலில் இரத்தம். அவர் தாடையைப் பிரித்து விரலை விட்டார். தொண்டைக்கு உள்ளே முறிந்த முனை தட்டுப்பட்டது, பிடிக்க முடியவில்லை. இருபது கிலோ நாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். ஒரு சிவப்பு அம்பு இடது பக்கம் காட்டியது. அது பாறையில் போய் முட்டியது. திரும்பி வேறொரு அம்பைப் பிடித்தார். அது மேலேயே ஏறியது. "எவன்டா போட்டான் இதை, அவன் கை அழுக!" என்று கத்தினார். கடைசியில் ஒரு பலகைக் கம்பத்தில் மோதி நின்றார். போனில் ஒரே ஒரு கோடு சிக்னல்.

சுற்றுவட்டாரத்தில் மிருக வைத்தியர் ஒருத்திதான், ரூலா. ரூலா நாஸீஃப். தேர்தலுக்குப் பிறகு ஒரு வருஷமாக அவளைக் கண்டால் ஸமீஹ் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவளும் ரொட்டியைப் பக்கத்து ஊரில் வாங்கிக்கொண்டாள். லோஸா மூச்சை இழுத்த சத்தத்தில் ரோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எண்ணை அழுத்திவிட்டார்.

"டாக்டர், நான் ஸமீஹ். ரொட்டிக்கடை."

 "சொல்லுங்க, அம்மோ," என்றாள். சித்தப்பா என்று கூப்பிடும் பழைய வழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

சொன்னார்.

"தூக்கிட்டு நடக்காதீங்க. அசைய அசையக் குச்சி உள்ள குத்தும். கீழ படுக்க வச்சுத் தலையைத் தாழ்த்திப் பிடிங்க. நானே வரேன். பலகை நம்பர் என்ன?"

ஸமீஹ் நிமிர்ந்து பார்த்தார். பலகை மூலைக்கு மூலை பச்சை.

"நம்பர் தெரியலம்மா."

"ஏன்?"

"பெயிண்ட் அடிச்சிருக்கு."

"யாரு அடிச்சது?"

மல்லாந்து படுத்துத் துப்பினால் மார்மேல்தான் விழும். பிக்கப்பின் பின்பக்கம் டப்பாவோடு நின்றுகொண்டு, "பட்டையா அடிங்கடா, சிவப்பு எட்டிப் பார்க்கக் கூடாது" என்று பாடியபடியே வந்தவர் அவர்தான். மற்றவர்கள் ஒருமுறை தீற்றிவிட்டு நகர்ந்தார்கள். அரைகுறை வேலை என்றால் ஸமீஹுக்கு அருவருப்பு.

"நான்தான்," என்றார்.

 "சுரண்டுங்க," என்றாள். "நான் வண்டியை எடுக்கறேன்."

கடைச் சாவியால் சுரண்டினார். பச்சை தோல்தோலாகக் கூட வரவில்லை, தூள்தூளாக வந்தது. காலடியில் லோஸா அவர் செருப்பில் தாடையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இழுத்தாள். சாவி வழுக்கி விரல் கிழிந்தது. வெள்ளை எழுத்து மெல்ல எட்டிப் பார்த்தது. அரபியில் இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு பல்தான் வித்தியாசம்: தலையில் ஒரு பள்ளம் இருந்தால் இரண்டு, இரண்டு பள்ளம் இருந்தால் மூன்று. இவர் கண்ணுக்கு ஒரே மாதிரி இரண்டு எழுத்துகள் தெரிந்தன.

"இருபத்திரண்டு!" என்று போனில் கத்தினார்.

"பக்கம்தான். கால் மணி நேரம். அவகிட்டப் பேசிட்டே இருங்க."

பேசினார். அன்றைக்கு எத்தனை ரொட்டி கருகியது என்று சொன்னார். மனைவி வர்தே அவளுக்காக எலும்பு எடுத்து வைத்திருப்பதைச் சொன்னார். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. லோஸாவின் நாக்கு நீலம் பாய்ந்தது.

போன் அடித்தது. "அம்மோ, நான் இருபத்திரண்டுல நிக்கறேன். ஹாரன் அடிக்கறேன். கேக்குதா?"

கேட்கவில்லை. ஸமீஹ் பலகைக்குத் திரும்பினார். சுரண்டிய இடத்தின் ஓரத்தில், முதல் எழுத்தைத் தொட்டுக்கொண்டு, ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிய்த்தார். அதன் அடியில் இன்னொரு பல் இருந்தது.

"முப்பத்திரண்டு," என்றார். 

"அது குவாரிப் பக்கம், அம்மோ. கீழ இறங்கிச் சுத்தி வரணும். முக்கால் மணி ஆகும்." கதவு சாத்தும் சத்தமும் இன்ஜின் சத்தமும் கேட்டன. "வரேன். விட்டுடாதீங்க."

அவர் விடவில்லை. லோஸாதான் விட்டுவிட்டாள்.

ரூலா பெட்டியோடு மூச்சிரைக்க ஏறி வந்தபோது ஸமீஹ் நாயின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து லோஸாவின் கண்ணைப் பார்த்தாள், விலாவில் கை வைத்துப் பார்த்தாள், பிறகு இடுக்கியை எடுத்து அந்தக் குச்சியை வெளியே இழுத்துப் போட்டாள். "இதோட அவளைப் புதைக்க வேணாம்," என்றாள். எழுந்து பலகையைப் பார்த்தாள். அவர் விரல்களைப் பார்த்தாள்.

"ரெண்டு பூச்சு அடிச்சிருக்கீங்க."

"மூணு," என்றார் ஸமீஹ்.

மறுநாள் காலை கடையில் கூட்டம். செய்தி அதற்குள் ஊரைச் சுற்றி வேறு உருவத்தில் திரும்பி வந்திருந்தது. அவருடைய பெரியப்பா மகன் அபூ ராமி, போன வருஷம் பெயிண்ட் வாங்கிக் கொடுத்த பெரிய மனிதர், ஸாத்தர் மூலிகைப்பொடி எண்ணெய் முழங்கை வரை வழிய மனாகீஷைத் தின்றுகொண்டே சொன்னார்: "பாத்தியா அந்தப் பொண்ணை? வேணும்னே லேட்டா வந்திருக்கா. ஷல்ஹூப் வீட்டு நாய்னா அவளுக்கு என்ன அவசரம்? நாஸீஃப் புத்தி!"

சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஆறு வருஷம் லோஸாவைக் கண்டு மூக்கைப் பொத்தியவர்கள், ஒரே நாளில் அவளைக் குடும்பத்துத் தியாகி ஆக்கிவிட்டார்கள். ஸமீஹுக்கு வாய்வரை "தூ!" வந்தது. யாரைப் பார்த்துத் துப்புவது என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அவ லேட்டா வரலை," என்றார். "நான் நம்பரைத் தப்பாச் சொன்னேன். நான் அடிச்ச பெயிண்ட், எனக்கே படிக்க முடியலை."

 அபூ ராமி மெல்லுவதை நிறுத்தினார். கிட்டே வந்து, எண்ணெய்க் கையை ஸமீஹின் தோளில் வைத்து, பாசத்தோடு தாழ்ந்த குரலில் சொன்னார்: "சரிடா தம்பி, ஆனது ஆச்சு. இதை வெளியில சொல்லிடாத. நம்ம குடும்பத்துக்கு நல்லா இருக்காது."

ஸமீஹ் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்து, ரொட்டி மேடைமேல் வைத்தார். மாவு படிந்த கையோடு தெருவுக்குப் போனார். எதிர்ச்சாரியில் காய்கறிக்கடை வாசலில் நாஸீஃப் வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும், ஜன்னலைத் திறந்த பெண்களுக்கும், நின்ற கார்களுக்கும் கேட்கும்படி, கடைக்குள் சொன்னதையே ஒரு வார்த்தை குறைக்காமல், கத்திச் சொன்னார்.

நாஸீஃப் வீட்டுப் பெரியவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஷல்ஹூப் ஆளு தானா வந்து தப்பை ஒத்துக்கறான்னா," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், "இதுல ஏதோ பெரிய திட்டம் இருக்கு."