யூதன் செலஸ்டின்

குன்னூர் பக்கத்து வெடிமருந்து ஆலையில் செலஸ்டின் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'யூதன் செலஸ்டின்' என்றால் கேட் காவலாளிகூட வழி காட்டுவார். தவக்காலம் வந்தால் எங்கள் பங்குக் கோயிலில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் நடக்கும். யூதர்களின் தலைமைக் குரு வேஷம் அவருக்குத்தான். சணல் தாடியும் உருட்டு விழியுமாக அவர் மேடை ஏறினால் கைக்குழந்தைகள் வீறிடும். இயேசுவாக வரும் ஜஸ்டஸுக்குக்கூட அத்தனை கைதட்டல் கிடையாது. வீட்டில் வாய் திறக்காத அந்த மனுஷன் அந்த ஒரு நாளுக்காகத்தான் வருஷம் முழுக்க வாழ்ந்தார்.

எண்பத்தாறில், கூட வேலை பார்த்த ரவி, "உங்க ஆளுங்க கதைங்க, படிச்சுப் பாருங்க" என்று கேலியாக ஒரு மொழிபெயர்ப்பு நாவலைக் கொடுத்தார். இரண்டாம் உலக யுத்த காலத்துப் போலந்தில் ஒரு யூதச் சிறுவனின் கதை.

பாதியில் செலஸ்டினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய வெள்ளியன்று கோயில் விட்டு வந்த கூட்டாளிப் பையன்களே அவனைக் கல்லால் அடிக்கிறார்கள், ஆண்டவரைக் கொன்ற சாதி என்று. பிறகு யூதர்களைப் பிடித்துப்போக ஜெர்மன் சிப்பாய்கள் வருகிறார்கள். அவன் தங்கை ஒளிந்திருந்த பரணைக் காட்டிக்கொடுத்தவள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கையில் ஜெபமாலை இருந்தது. குழந்தையை லாரியில் ஏற்றினார்கள். அதோடு சரி.

அவர் மனைவி ஜெஸிந்தா பள்ளிக்கூட ஆசிரியை. அவளிடம் கேட்டார்.

"இதெல்லாம் நெசமா?"

"கதைதாங்க. ஆனா இந்த மாதிரி நடந்தது நெசம். லட்சக்கணக்குல கொழந்தைங்களக் கொன்னிருக்காங்க. ஏனுங்க, மாதாவும் யூதப் பொண்ணுதானுங்களே. அன்னிக்கு இருந்திருந்தா அவங்களையும் அந்த லாரியிலதான் ஏத்தியிருப்பாங்க."

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்ததுதான். ஆனால் இத்தனை வருஷம் அது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே ஒரு வசனம்தான். இயேசுவைக் கொல்லும் பழி எங்கள் பிள்ளைகள் தலைமேலும் விழட்டும் என்று மார்தட்டிச் சொல்ல வேண்டும். பங்குச் சாமியாரிடம் போனார்.

"சாமி, அந்த வசனம் மட்டும் வேண்டாமுங்க. பச்சப் புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

"வேதத்துல இருக்கறதப்பா. உனக்கு வேண்டாம்னா தனசிங் அந்த வேஷத்தக் கட்டிச் சொல்லட்டும்."

வேஷத்தை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. தனசிங் சொன்னாலும் அது சொன்னதுதானே. மேடையில் அந்த இடத்தை மட்டும் விழுங்கிவிடுவது என்று முடிவு செய்து தாடியைக் கட்டினார்.

அந்த இடம் வந்தது. கயிற்றால் கட்டப்பட்ட கைகளோடு ஜஸ்டஸ் நின்றார். செலஸ்டின் மார்பில் கை வைத்தார். வாயைத் திறக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அப்போதும் அசையவில்லை.

முன்வரிசையில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள், பாவம், மாமா மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டன. வருஷா வருஷம் கேட்டு மனப்பாடமான வசனம். அவருக்கு உதவி செய்ய எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே குரலில் கத்தின: "எங்கள் பிள்ளைகள் தலைமேலும் விழட்டும்!" அவர் மகள் ஐவியும் கத்தினாள்.

செலஸ்டின் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதுவும் நடிப்பென்று நினைத்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.