நாலாம் நம்பர் சென்சார்

எனக்கு வாய் நீளம் என்று ராசிபுரத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர்கூட எங்கள் வீட்டு வாசலில் குரலைத் தணித்துத்தான் பேசுவார். அப்பேர்ப்பட்டவள் மூன்று வாரம் ஒரு விஷயத்தில் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

நான் வேலை பார்த்த பட்டறை சேலம் ரோட்டில், முன்பு கோழித்தீவன குடோனாக இருந்த கட்டிடத்தில் நடந்தது. மழை பெய்தால் இன்றும் மக்காச்சோள வாடை வரும். அங்கே ஆளில்லா விமானத்துக்கு எஞ்சின் செய்தோம். இரண்டு கையால் தூக்கிவிடக்கூடிய சின்ன எஞ்சின். அதில் பிஸ்டன் கிடையாது, முக்கோணமாக ஒரு ரோட்டர் சுற்றும். சாதாரண எஞ்சினில் குளிர்ந்த காற்றும் நெருப்பும் ஒரே இடத்துக்கு மாறி மாறி வரும். இதில் அப்படியில்லை. கூட்டின் ஒரு பக்கம் எப்போதும் காற்றை இழுக்கும், எதிர்ப்பக்கம் எப்போதும் எரியும். எந்த இடம் எவ்வளவு சுடுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

கூட்டைச் சுற்றி எட்டு சென்சார். வெளியிலிருந்து துளை போட்டு, உள்சுவர் இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது நிறுத்த வேண்டும். சென்சாரின் முனை துளையின் அடியைத் தொட வேண்டும். தொட்டபடியே பிடித்துக்கொண்டு, சூடு தாங்கும் பசையை அடைத்து, அது கல்லாக இறுகும்வரை காத்திருக்க வேண்டும். முனை கொஞ்சம் மேலே நின்றுவிட்டால் சூட்டைக் குறைத்துக் காட்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஸ்பார்க் பிளக்குக்குப் பக்கத்தில் இருந்தது நாலாம் நம்பர். அதன் சூடு எல்லை தாண்டினால் எஞ்சின் தானாக அணைந்துவிடும்.

என்னோடு எஞ்சினைப் பூட்டும் வேலையில் இருந்த பிட்டர், திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பதினைந்து வருஷம் போர்வெல் ரிக்கில் ஊர் ஊராகப் போய்ப் பாறைத்தூசியைத் தின்றவர். மறுபடி தூசிக்குப் போனால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகுதான் பட்டறைக்கு வந்தார். நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். ஆனால் நட்டு முறுக்கும் கையில் ஒரு நடுக்கம் இருக்காது.

எஞ்சினை வாங்க வந்தவர்கள் கடைசியாக ஒரு நிபந்தனை வைத்தார்கள். அவர்கள் கண் முன்னால் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் வாங்குவார்கள். இல்லாவிட்டால் பட்டறையை மூடிவிடுவேன் என்று ஓனர் எங்களிடமே சொல்லிவிட்டார். நாங்கள் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் அரை மணி தாண்டியதும் நாலாம் நம்பர் அணைத்துவிட்டது. சனியன், ஒவ்வொரு தடவையும்!

"ஏனுங்க அம்மிணி, ரிக்குல கம்ப்ரஸர் சூடாகி நின்னுச்சுன்னா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமுங்களா?" என்றார் அவர். "சென்சாரைக் கழட்டி வெளிய தொங்க உட்ருவோம். மேல ஈரச்சாக்கைப் போத்தி ஓட்டுவோம். பாதிக் குழியில நிறுத்துனா ராடு சிக்கிக்குமுங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"இது ரிக்கு இல்லீங்கண்ணா. சென்சாரு மேல கை வெச்சீங்கன்னா அப்பறம் மனுசியாவே இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"அடேங்கப்பா, என்ன கோவம்! சரிங்க சாமி, தொடலீங்க." சிரித்தார், சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. அது அடங்கியதும் சொன்னார்: "ரிக் ஓனரு போன் மேல போன் பண்றாருங்க. ஆளு பத்தலையாம். இங்க மூடீட்டாங்கன்னா அங்கதான் போவோணும். வேற என்ன தெரியும் எனக்கு?"

வாங்குபவர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தார். நான் நாலாம் நம்பர் பசையைச் சுரண்டி எடுத்தேன். முனையை நாலு மில்லிமீட்டர் மேலே இழுத்து, புதுப்பசையை அடைத்தேன். எல்லை என்று நாங்கள் வைத்தது கொஞ்சம் பயந்து வைத்ததுதானே, ஒரே ஒரு மணி நேரம்தானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் திரும்பி வந்து, "சாப்புட்டீங்களா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடியது. ஓனர் கை தட்டினார், வந்தவர்களும் தட்டினார்கள். பிட்டர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே ரிக் ஓனருக்கு வல்லீன்னு சொல்லீர்றனுங்க" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாளே சரிசெய்துவிட நினைத்தேன், சத்தியமாக. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துச் சூட்டுக் கணக்கை வாங்கியவர்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போயிருந்தார்கள். இப்போது சென்சாரை அடிவரை இறக்கினால் வேறு எண் வரும், ஏன் என்று கேட்பார்கள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன். அந்தத் திங்கள் போய் அடுத்த திங்களும் போனது. இதற்கிடையில் சோதனைக்காக எஞ்சின் பட்டறையில் தினமும் ஓடியது.

மூன்றாவது வாரம் ஒரு காலை. நான் கண்ணாடி அறைக்குள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே இருந்தார். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஹோஸின் கிளிப்பில் கசிவு தெரிந்தது. ஓடும் எஞ்சின் கிட்டப் போகக்கூடாது என்று தரையில் மஞ்சள் கோடு உண்டு. அவர் என்னைப் பார்த்து நாலு விரலைக் காட்டி, எவ்வளவு என்று சைகையில் கேட்டார். திரையில் நாலாம் நம்பர் எல்லைக்குக் கீழேதான் இருந்தது. உண்மையான சூடு அது இல்லை என்று தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

சிவப்புப் பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். எண் சரியாக இருக்கும்போது எதற்கு அணைத்தாய் என்று ஓனர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். அந்த நேரத்தில் அதை யோசித்தேன், பாவி! எஞ்சின் தானாக அணையாததால் சூடு எல்லைக்குள்தான் இருக்கிறது என்று நினைத்து அவர் கோட்டைத் தாண்டிக் குனிந்து கிளிப்பில் ஸ்பேனரை வைத்தார். ஹோஸ் பிடுங்கிக்கொண்டது. கொதித்த தண்ணீர் முகத்தில் அடித்தது. நான் பொத்தானை அமுக்கியது அதற்குப் பிறகுதான்.

சேலத்தில் ஆஸ்பத்திரி. நாலாம் நாள்தான் போக எனக்குத் தைரியம் வந்தது. இரண்டு கண்ணிலும் கட்டு. வலது கண் இனி இல்லை, இடதைக் கட்டு அவிழ்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். அவர் மனைவி எழுந்து என் எதிரில் வந்து நின்றார்.

"சூடு பாக்கற வேல உங்களுதுதானுங்களே? அந்த மிசினு ஒண்ணும் காட்டலீங்களா?"

சொல்லிவிடத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் வரும்போது வார்த்தையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அவர் பேசினார்.

"ஏபுள்ள, அம்மிணியை ஒண்ணும் கேக்காத. நான் அந்தச் சென்சாரைக் கழட்டிப் போடலாமுன்னு சொன்னப்ப என்ன திட்டுத் திட்டுச்சு தெரியுமா? அது அப்படிப்பட்ட புள்ள. அது வெச்ச சென்சாருன்னுதான் தெகிரியமா கிட்டத்துல போனேன். ஹோஸ் புடுங்குனதுக்கு அது என்ன பண்ணும்?"

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். தப்பா நெனைச்சுக்காதீங்க என்று சொல்லி, பிளாஸ்கிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன்.