காதுப் பஞ்சின் ஆயுள்

இயர்போன் முனையில் மாட்டுகிற பஞ்சு எத்தனை நாள் உழைக்கும் என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். எந்த ஊரில், யாருடைய காதில், எந்த மழைக்காலத்தில் என்று திருப்பிக் கேட்பேன். பெட்டியின் முதுகில் மூன்று மாதம் என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை எழுதியவர் டிக்கோயாவுக்கு மேலே மலையில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு ஆனி மாதத்தைக் கூடக் கழித்திருக்க மாட்டார். துவைத்துப் போட்ட பாவாடையே காயாமல் வாரக் கணக்கில் கொடியில் தொங்குகிற ஊர் இது.

நான் சொல்வது ரப்பர் முனையை அல்ல. விரலால் நசுக்கினால் சப்பையாகி, காதுக்குள் வைத்ததும் மெல்ல மெல்ல உப்பி வந்து துவாரத்தை அடைத்துக்கொள்ளுமே, அந்தப் பஞ்சு. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதை நம்பித்தான் என் குடும்பம் ஒரே கூரைக்கு அடியில் இருந்தது என்றால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் பயந்துகொண்டே.

கொழும்பில் ஒரு பார்சல் கம்பனி, வீட்டிலிருந்தபடியே தமிழில் தொலைபேசிக்குப் பதில் சொல்ல ஆட்களை எடுத்தது. என் பார்சல் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு, கம்ப்யூட்டரைப் பார்த்து அது இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் ஆறு மாதம் சோதனைக் காலம், அதில் தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால், எங்கள் தோட்டத்துப் பெண்கள் பலர் போன வழியில் நானும் கொழும்பு பஸ்ஸில் ஏறி, ஏதாவது ஓர் உடுப்புக் கடையில் நாளெல்லாம் நின்று, தீபாவளிக்கும் சித்திரை வருஷப் பிறப்புக்கும் மட்டும் வீட்டுக்கு வர வேண்டும். கணவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஃபெக்டரியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த ஒரு சம்பளத்தில் மூன்று பேர் காலம் தள்ள முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மகளுக்கு அப்போது நாலு வயது. அவளை விட்டுவிட்டுப் போக எனக்குத் துளியும் மனசில்லை. அவள் இருக்கிற வீட்டிலேயே நானும் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த ஆறு மாதமும் நான் வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

கம்பனியில் ஒரு கண்டிப்பு இருந்தது. வாடிக்கையாளரிடம் 'திரும்பச் சொல்லுங்கள்' என்று எவ்வளவு அடிக்கடி கேட்கிறோம் என்பதைக் கவனிப்பார்கள். பதிவான பேச்சை மேற்பார்வை செய்யும் அம்மா ஒருவர் உட்கார்ந்து கேட்பார். அவர் இருப்பது கொழும்பில் ஏசி அறையில். நான் இருப்பது லயத்துக் காம்பராவில். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறை வீடுகள், அவைதான் காம்பராக்கள். இடையில் உள்ள சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுவிடும். பக்கத்துக் காம்பராவில் மிளகாய் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும்.

அந்தக் காம்பராவில் இருந்த அக்கா கொழுந்து பறிக்கப் போகிறவர். மதியத்துக்குப் பிறகு வீடு திரும்பியதும், சுவருக்கு மேலே வருகிற என் பேச்சுத்தான் அவருக்குத் தொலைக்காட்சி நாடகம். நான் பேசுவது மட்டுந்தான் அவருக்குக் கேட்கும், எதிர்ப்பக்கம் கேட்காது. அதனால் மீதிக் கதையை அவரே கட்டிக்கொள்வார். தண்ணீர்க் குழாயடியில் வைத்து, மட்டக்களப்பு ஐயாவுக்கு மின்விசிறி வந்து சேர்ந்ததா என்று அக்கறையாக விசாரிப்பார். ஒரு தரம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்த ஆள் பொய் சொல்கிறான், நீ ஏன் இவ்வளவு இறங்கிப் போகிறாய் என்று சுவருக்கு மேலே ஆலோசனை வந்தது. அந்த ஆள் உண்மையில் பாவம், செருப்பு வாங்கி இரண்டும் இடது காலுக்கு வந்தவர்.

அக்காவையாவது கெஞ்சி அடக்கலாம். மழையை என்ன செய்வது? தகரத்தில் மழை விழத் தொடங்கினால் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதே கேட்காது. என் பக்கத்து இரைச்சலைக் கம்பனியின் மென்பொருளே வடிகட்டிவிடும், எனக்குக் கேட்பதுதான் பாடு. ரப்பர் முனைகளோடு முதல் மழையில் உட்கார்ந்து, ஒரே பெண்ணிடம் அவள் விலாசத்தை மூன்று தரம் கேட்டுவிட்டு, அன்றைக்கே ஹட்டனுக்கு இறங்கினேன். ஃபோன் கடை நானா, முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து இந்தப் பஞ்சை எடுத்துத் தந்தார். தண்ணீரில் போட்டுவிடாதீர்கள் தங்கச்சி என்று சொல்லித்தான் தந்தார்.

நான் கேட்டேனா? முதல் சோடியில் அழுக்குப் பிடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கசக்கி, அடுப்புக்கு மேலே கம்பியில் கோத்துத் தொங்கவிட்டேன். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாமே அங்கேதான் காயும். கணவரின் சப்பாத்து காயும், நாலு மிளகாய் காயும், பஞ்சு மட்டும் காயாதா என்ற நினைப்பு. மறுநாள் இறக்கிப் பார்த்தால் வெயிலில் போட்ட வடகம் மாதிரி சுருங்கி விறைத்துப் போயிருந்தது.

இரண்டாவது சோடியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பஞ்சைத் துடைப்பதைவிட முதலில் காதைத் துடைக்க வேண்டும் என்பது அப்போது புரிந்தது. தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் காதுமடலைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் மாட்டுவேன். தேங்காயெண்ணெய் பட்டால் பஞ்சு பிசுபிசுத்துச் சீக்கிரம் பிய்ந்துவிடும். வேலை முடிந்ததும் கழற்றி, மெல்லிய துணியால் ஒற்றி, நசுக்காமல் நிழலில் வைப்பேன். ஸ்பிரிட் தொடவே கூடாது. காலையில் ஒரு தரம் கிள்ளிப் பார்ப்பேன். மெதுவாக எழும்பினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். எடுத்த எடுப்பில் துள்ளி எழும்பினாலோ, எழும்பாமல் அப்படியே கிடந்தாலோ அதற்குக் காலம் முடிந்துவிட்டது.

எல்லாம் செய்தும் ஈரம் விடவில்லை. ஐந்தாவது மாதம் பஞ்சில் கறுப்புப் புள்ளிகள் பூக்கத் தொடங்கின. கடையில் வாங்கின மூன்றாவது சோடிக்கும் அதே கதி வரக்கூடாது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் கணவருக்கு யோசனை பிறந்தது. அவர் ஸ்டோரில் தூள் சலிக்கும் பகுதியில் நிற்பவர்.

"தூளு மாதிரி ஈரத்த இழுக்குறது ஒலகத்துலயே கெடையாது புள்ள. மூட்டையில ஒரு சின்ன ஓட்ட இருந்தாப் போதும், பெரிய தொர அந்தக் கத்து கத்துவாரு. ராவுல தூள் டின்னுக்குள்ள போட்டு வையி."

தோட்டத்தில் எங்களுக்குக் கொடுக்கிற தேயிலைத் தூள் டின் நிறைய இருந்தது. சொன்னது முழுக்க நியாயமாகவும் பட்டது. ஊரில் யாரிடம் கேட்டாலும் தலையாட்டியிருப்பார்கள். பஞ்சைத் தூளுக்குள் புதைத்தேன். காலையில் எடுத்தால் மொறமொறவென்று காய்ந்து, நல்ல வாசனையாக இருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அக்காவிடம் கூடப் பீற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் வாடிக்கையாளர்கள் எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவது போல் கேட்கத் தொடங்கியது. சிக்னல் சரியில்லை என்று நினைத்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். பிறகு ஒரு நாள் பஞ்சைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினால் தூள் கொட்டுகிறது. பஞ்சின் ஒவ்வொரு கண்ணிலும் தூள் ஏறி, அங்கிருந்து இயர்போனின் சல்லடையிலும் போய் உட்கார்ந்திருந்தது. ஒரு கோப்பைத் தேத்தண்ணி போடலாம், அவ்வளவு. சல்லடையைப் பல் துலக்கும் பிரஷால் பதமாகத் தட்டிச் சுத்தம் செய்தேன். சத்தம் திரும்பி வந்தது. பஞ்சு மட்டும் கிள்ளினால் உதிர்ந்தது.

சோதனைக் காலத்தின் கடைசி வாரம் அது. அந்த வாரத்துப் பேச்சைத்தான் மேற்பார்வை அம்மா முழுக்கக் கேட்பார். ஹட்டனுக்கு ஓடினேன். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடியதில் கொழும்புச் சாமான் வரவில்லை என்று நானா கையை விரித்தார். வீட்டுக்கு வந்து கணவரோடு சண்டை போட்டேன். சண்டை என்றால் பேசுவதில்லை. தேத்தண்ணிக் கோப்பையை டங்கென்று வைப்பேன். அந்த டங் எட்டுக் காம்பராவுக்கும் கேட்கும். இந்த மனிதரின் தூளால் நான் பிள்ளையை விட்டுப் போகப்போகிறேன் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவர் ஸ்டோரிலிருந்து சட்டைப் பையில் எதையோ கொண்டு வந்தார். இயந்திரச் சத்தத்துக்காகத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற மஞ்சள் நிறக் காதடைப்பான்கள், இரண்டு சோடி. இவர் ஒரு நாளும் அதைப் போட்டதில்லை. காதை அடைத்தால் இயந்திரம் எங்கே முனகுகிறது என்று தெரியாதாம். நசுக்கிப் பார்த்தேன். மெல்ல மெல்ல எழும்பியது. அதே சாதிப் பஞ்சு.

சைக்கிள் கம்பியை அடுப்பில் காய்ச்சி முதல் சோடியில் துளை போட்டார். அது உருகி நாறி, லயமே மூக்கைப் பொத்தியது. இரண்டாவதற்குக் கம்பியை ஆறவிட்டு, சூடில்லாமல் முறுக்கி முறுக்கிக் குடைந்தார். நெற்றியில் வியர்வை. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"இதும் கெட்டுச்சின்னா நானே கொழும்புக்குப் போறேன். நீ புள்ளயோட இரு."

என் கோபமெல்லாம் அந்த நிமிடமே இறங்கிவிட்டது. அவர் கையிலிருந்து வாங்கி இயர்போனில் பொருத்தினேன். பார்க்கச் சகிக்காது. காதிலிருந்து மஞ்சள் காளான் முளைத்த மாதிரி இருந்தது. ஆனால் கடைப் பஞ்சு அதன் கால் தூசுக்குப் பெறாது. அந்த வாரம் மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு பெய்ததாம். எனக்குக் கொட்டாவி விடுகிற வாடிக்கையாளரின் மூச்சுக் கூடத் துல்லியமாகக் கேட்டது. ஒருவரிடமும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மேற்பார்வை அம்மா அழைத்து, நிரந்தரமாக்கிவிட்டோம் என்றார். யாரையும் திரும்பச் சொல்லச் சொல்லவே இல்லையே, நல்ல அமைதியான இடத்தில் வீடு போலிருக்கிறது என்று பாராட்டும் தெரிவித்தார். ஆமாம் மேடம் என்று சொல்லிவிட்டு, பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். மகள் அக்காவின் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற புள்ளக்காம்பராவிலிருந்து அவளை அக்காதான் தினமும் கூட்டி வருவார். நான் செய்தியைச் சொன்னதும் அக்காவுக்கு வாயெல்லாம் பல். பிறகு மகளைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார். அவள் உள்ளே போய் என்னை இரண்டு மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறாள். நான் திரும்பவில்லை. வெளியே வந்தவளிடம், அம்மா உள்ளே இல்லையா என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"என்னா சொல்றா தெரியுமா ஒன் மக? அம்மா கொழும்புக்குப் போயிருக்காங்களாம். மஞ்சப் பஞ்சக் கழட்டுனா வந்துருவாங்களாம்."

அக்காவோடு சேர்ந்து நானும் சிரித்தேன். மகள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ரொட்டியைப் பிய்த்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு வாரமாக அம்மா மதியத்தில் கொழும்புக்குப் போகிறாள், இருட்டியதும் வருகிறாள் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்து, அதற்குப் பழகியும் இருந்தாள். நான் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை இடது காதை வெறுமனே விட்டு, வலது காதில் மட்டும் பஞ்சை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மழை வந்தால் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொள்ளலாம். யாராவது இரண்டாம் தரம் சொல்ல வேண்டி வந்தால் சொல்லட்டும். மதியம் மகள் உள்ளே வந்தாள். வலது பக்கம் நின்று பஞ்சைப் பார்த்தாள். முதுகைச் சுற்றி இடது பக்கம் வந்து, தலைமயிரை ஒதுக்கிக் காதுக்குள் எட்டிப் பார்த்தாள். வவுனியாவிலிருந்து ஒருவர் கைக்கடிகாரத்தைக் காணோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பாதிதான் போயிருக்கீங்களா?"

ஒரு நிமிடம் இருங்கள் ஐயா என்று வவுனியாக்காரரிடம் சொல்லிவிட்டு, ஆமாம், பாதிதான் என்று அவளிடம் சொன்னேன். அவள் இடது பக்கமாகவே உட்கார்ந்துகொண்டாள்.