தங்கையின் நிறுவலில் ஓட்டை

என் தங்கை வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் கணித ஆராய்ச்சி செய்கிறாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அந்த வேலை விளங்காது. அவளுக்கு ஏதாவது பிழையாகிவிடுமோ என்று பயப்படுவது மட்டும் என் பங்கு.

பலரும் முயன்று கைவிட்ட ஒரு கணக்கை அவள் நிரூபணத்தோடு தீர்த்துவிட்டாள் என்று பேப்பரில் வந்தது. விடுமுறைக்கு எங்கள் ஊரான அச்சுவேலிக்கு வந்தவளுக்கு எங்கள் சனசமூக நிலையம் பாராட்டு விழா வைத்தது. சந்தியில் 'கணக்கைத் தீர்த்த எங்கள் பிள்ளை' என்று பதாகையும் கட்டியாயிற்று.

விழாவன்று காலை அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசி முடித்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்தபடியே சொன்னாள்.

"அண்ணை, என்ரை நிறுவலிலை ஒரு ஓட்டை. ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டார். அவர் சொல்லுறது சரி."

"அடைக்கேலாதோ?"

"பாப்பம். வருசக்கணக்கா எடுக்கும். அடைபடாமலும் போகலாம்."

"பின்னேரம் விழா முடியுமட்டும் ஒண்டும் கதையாதை பிள்ளை."

"செய்யாத வேலைக்கு நான் பொன்னாடை வாங்க மாட்டன். நீங்கள் போய்ச் சொல்லுறியளோ, இல்லாட்டி நான் மேடையிலை சொல்லட்டோ?"

ஊருக்கு முன்னால் அவள் தலைகுனிந்து நிற்பதை நினைத்ததும் சைக்கிளை எடுத்தேன். நிலையத் தலைவர் மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"ஓட்டை எவ்வளவு பெரிசு தம்பி?"

"தெரியாது ஐயா."

"சிற்றுண்டிக்குச் சொல்லியாச்சு. தங்கச்சி வேறை ஏதும் செய்திருக்கிறாவோ?"

அதே கணக்குக்கு முன்பு எல்லோரும் போன வழியொன்று உண்டாம். அந்த வழியால் போனால் ஒருநாளும் விடை வராது என்பதை இவள் இளம் வயதிலேயே நிறுவியிருந்தாள். அதைச் சொன்னேன்.

"ஏலாது எண்டு சொன்னதுக்கோ பொன்னாடை? அதை நானும் சொல்லுவன்."

"நீங்கள் சும்மா சொல்லுவியள். இவ நிறுவியிருக்கிறா."

"அதிலை ஓட்டை இல்லைத்தானே?"

அங்கேயே நின்று அவளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். இல்லை என்றாள். தலைவர் பதாகையைக் கழற்ற ஆள் அனுப்பினார்.

பின்னேரம் அவர் மேடையில் பேசினார். "உந்த வழியாலை போகாதையுங்கோ எண்டு சொல்லி, எங்கடை பிள்ளை உலகத்திலை எத்தனையோ பேரின்ரை நேரத்தை மிச்சம் பிடிச்சிருக்கிறா."

சனம் கைதட்டியது. தங்கை எழுந்து, ஓட்டையைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னாள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அப்ப அந்தக் கணக்கு இன்னும் கிடக்கோ?"

"ஓம், கிடக்கு."

"கிடக்கட்டும் பிள்ளை. அவசரமில்லை, ஆறுதலாய்ச் செய்யுங்கோ."

வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னாள். "நான் செய்ததிலை நல்ல வேலை அதுதான் அண்ணை. அதுக்கு இண்டைக்குத்தான் முதல்முதல் ஒரு பொன்னாடை."

வந்ததும் பொன்னாடையைக் கழற்றாமலே மேசைக்கு முன் இருந்து எழுதத் தொடங்கினாள். பட்டில் மை படப் போகிறதே என்று நான் பக்கத்திலேயே நின்றேன்.